பயப்படாதவள்

எங்கள் ஷூ கம்பெனியில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பாஸ் உண்டு. லைன் நம்பர் எழுதிய மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை. நாடா கோத்து, சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டிய பிறகுதான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுந்தால் லைன் நின்றுவிடும், தைக்க வேண்டிய அப்பர்கள் குவிந்துவிடும் என்பது கம்பெனியின் கணக்கு. அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். அதைத் தைத்துத் தைத்தே இந்தப் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்குக் கழுத்து வலி.

நான் அந்தக் கம்பெனியின் நர்ஸ். வேலூரில் ஒரு நர்சிங் ஹோமில் நைட் டியூட்டி பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், பகல் வேலை, ஞாயிறு லீவு, நிம்மதியாக சர்ச்சுக்குப் போகலாம் என்று இங்கே வந்தவள். சத்துவாச்சாரியில் என் தெருமுனைக்கே கம்பெனி பஸ் வந்துவிடும். பள்ளிகொண்டா, மாதனூர் என்று வழியெல்லாம் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூர் போய்ச் சேரும். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட் எனக்கு. ஸ்டாஃப் சீட் என்று அதற்குப் பெயர். கம்பெனியில் என் மெடிக்கல் ரூம், பெண்கள் கழிப்பறைக்குப் போகும் வராந்தாவில் இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தால் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்பது தெரியும். நடந்ததில் முக்கால்வாசியை நான் அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். மீதியைப் பஸ்ஸில் பார்த்தேன்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நர்சிங் ஹோமில் இறந்தவர்களைத் துடைத்து, கட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு தனியாக லிஃப்டில் இறங்கியவள் நான். பிணம் யாரையும் ஒன்றும் செய்யாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பேக்கிங் பிரிவில் ஓர் அம்மா இருந்தார். நல்ல மனுஷி, கொஞ்சம் வாய் ஜாஸ்தி. மஞ்சள் காமாலை வந்து, தன் ஊரில், தன் வீட்டில், சொந்தபந்தம் சுற்றி நிற்க இறந்துபோனார். கம்பெனிக்கும் அந்தச் சாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எல்லோரும் சேர்ந்து மாலை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பிறகு அவரவர் வேலையைப் பார்த்தோம்.

அந்தக் கோடையில் ஒரு நாள் தையல் லைனிலிருந்து ஒரு சின்னப் பெண் என் அறைக்குள் ஓடி வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"சிஸ்டர், கடைசி ரூம்ல வளையல் சத்தம் கேக்குது. உள்ள யாரும் இல்ல சிஸ்டர், நான் குனிஞ்சு பாத்தேன்."

இதில் என்ன இருக்கிறது என்று வெளியாட்கள் கேட்கலாம். லைனில் வேலை செய்கிற பெண்கள் யாரும் கண்ணாடி வளையல் போடக்கூடாது. தோலில் கீறல் விழுந்தால் ஜோடியே வீணாகிவிடும். பேக்கிங்கில் மட்டும் போட்டுக்கொள்ளலாம், அங்கே எல்லாம் பெட்டிக்குள் போய்விடுகிறது. இறந்துபோன அம்மா கை நிறையச் சிவப்பு வளையல் போடுவார். அவர் வருவதற்கு முன்னால் அவர் வளையல் வருவது கேட்கும். அந்தச் சின்னப் பெண் வளையல் என்று சொன்னதுமே மற்றவர்களுக்கு யாருடைய வளையல் என்று தெரிந்துவிட்டது. யாரும் பெயரைச் சொல்லவில்லை.

அன்று சாயந்திரம் பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டுவதற்குள் அது பஸ் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால், கடைசி அறையில் சத்தம் கேட்டவர்கள் ஒரு கூட்டமே இருந்தார்கள். போன மாதமே கேட்டதாகவும், சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று சொல்லாமல் இருந்ததாகவும் ஒருத்தி சொன்னாள். வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றியது. அதில் வெறும் காற்றுச் சத்தம்தான். ஆனால் கடைசியில் கேட்கிறதாம், காதோடு ஒட்டி வைத்துக் கேட்க வேண்டுமாம்.

நானே போய்ப் பார்த்தேன். கடைசி அறையில் சுவரின் மேலே ஒரு பழைய எக்ஸாஸ்ட் ஃபேன். அதன் வெளிப்பக்கத் தகடு ஒரு பக்கம் கழன்று, காற்றடிக்கும்போதெல்லாம் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது. கலீரென்று ஒரு சத்தம், கேட்டால் வளையல் மாதிரிதான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ நேரத்தில் கையில் கிடைத்தவர்களையெல்லாம் இழுத்துக்கொண்டு போய், துடைப்பக் கட்டையால் தகட்டைத் தட்டிக் காட்டினேன்.

"இதானா சிஸ்டர்!" என்று சிரித்தார்கள். ஒருத்தி என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கி அவளும் தட்டிப் பார்த்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே லைனுக்குத் திரும்பினார்கள். நானும் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வராந்தாவில் நடமாட்டமே இல்லை. வழக்கமாகப் பதினோரு மணிக்கு மேல் வரிசையாகப் போவார்கள், வருவார்கள். அன்று ஒருவரும் வரவில்லை. தனியாகப் போகப் பயம். சேர்ந்து போகலாம் என்றால் லைனுக்கு ஒரு பாஸ்தான். அதனால் போவதையே நிறுத்திவிட்டார்கள். போகாமல் இருக்க வேண்டுமென்றால் தண்ணீர் குடிக்கக்கூடாது. குடிப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

வேலூர் வெயிலைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில், பசை நெடியும் மெஷின் சூடும் சேர்ந்த அந்தக் கொட்டகையில், காலையிலிருந்து சாயந்திரம் வரை ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலை அப்படியே கொண்டுபோனால் அம்மா திட்டுவாள், மாமியார் கேட்பாள் என்று, பஸ் ஏறுவதற்கு முன்னால் கேட் பக்கத்துச் செடியில் ஊற்றிவிடுவார்கள். அந்த வருடம் எங்கள் கம்பெனிச் செம்பருத்தி நன்றாகப் பூத்தது.

என் அறைக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. நீர்க்கடுப்பு, தலைசுற்றல், காய்ச்சல். மெஷின் மேலேயே சாய்ந்து மயங்கினவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குளூக்கோஸ் கரைத்துக் கொடுத்தால் உதட்டில் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். எனக்குக் கோபமாக வந்தது. எச்.ஆர். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். லைனுக்கு இரண்டு பாஸ் கொடுங்கள், ஜோடியாகப் போகட்டும், பயம் போய்விடும், இவர்கள் தண்ணீராவது குடிப்பார்கள். அவர் நல்ல மனிதர், சின்ன வயது. உடனே ஒத்துக்கொண்டார். மறுநாளே எல்லா ஆணியிலும் இரண்டு இரண்டு அட்டை தொங்கியது.

அந்த யோசனை என்னுடையது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. மத்தியானமே லைனில் பேச்சு கிளம்பிவிட்டது.

"பாத்தியா, மேனேஜ்மென்ட்டுக்கே தெரிஞ்சிருக்குது. ஒண்ணுமே இல்லன்னா எதுக்கு ரெண்டு பாஸ் குடுக்கணும்? இத்தினி வருஷமா கெஞ்சினோம், குடுத்தாங்களா?"

அதுவரை அரைகுறையாக இருந்தது அன்றைக்கு உறுதியாகிவிட்டது. கடைசி அறைக் கதவில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். யாரோ தர்காவிலிருந்து தாயத்து கொண்டுவந்து தாழ்ப்பாளில் சுற்றினார்கள். எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை, ஜெபம் பண்ணிய எண்ணெயைச் சின்னக் குப்பியில் கொண்டுவந்து வாசலில் தெளித்தார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் அந்த ஒரு கதவில் ஒத்துப்போனார்கள். ஜோடியாகப் போனார்கள், வந்தார்கள். தண்ணீரும் கொஞ்சம் குடித்தார்கள். சரி, இத்தோடு அடங்கிவிடும் என்று நான் நினைத்தேன்.

ஒரே ஒருத்தி மட்டும் தனியாகப் போனாள்.

தோலின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, சுத்தியலால் தட்டுகிற வேலை அவளுக்கு. மாதனூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் பஸ் ஏறுவாள். பிளஸ் டூ முடித்தவள். தைரியசாலி, புரட்சிக்காரி என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு வேலை வேகமாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பாஸில் ஒன்றை எடுத்துக் கழுத்தில் மாட்டுவாள், இன்னொன்றை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போவாள். ஜன்னலில் என்னைப் பார்த்தால் சிரிப்பாள்.

"ஏம்மா, ஜோடி யாரும் இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எனக்கு அவசரம் சிஸ்டர். தோஸ்த் தேடிக்கினு நிக்க முடியுமா? நீங்கதான் காட்டினீங்களே, ஃபேன் தகடுன்னு."

நான் காட்டியதை நம்பியவள் அவள் ஒருத்திதான். எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் டிரம் ஆபரேட்டர். மாப்பிள்ளையின் அக்கா எங்கள் கம்பெனியில்தான், ஷூவுக்கு அடிபாகம் ஒட்டுகிற பிரிவில் இருந்தாள். பஸ்ஸில் பார்த்துப் பழகிப் பிடித்துப்போய், தம்பிக்குக் கேட்டதே அவள்தான். பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண்ணுக்கும் அவன் மேல் ஆசை. என் அறைக்குத் தலைவலி மாத்திரை வாங்க வந்தால்கூடப் பேச்சு எப்படியாவது சுற்றி அவனிடம் வந்து நிற்கும். அவன் கை எப்போதும் ஈரத் தோல் வாடை அடிக்குமாம், அதை மறைக்க ஏதோ ஸ்பிரே அடித்துக்கொண்டு வந்து அவள் முன்னால் தும்மினானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆணியில் தனியாகத் தொங்கிய அந்த இரண்டாவது பாஸை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கேலி செய்தார்கள். பிறகு கேலி நின்றது. ஒரு நாள் சாயந்திரம் பஸ்ஸில் என் முதுகுக்குப் பின்னால் யாரோ கேட்டது என் காதில் விழுந்தது.

"நம்ம எல்லாருக்கும் பயம் வருது. அவளுக்கு மட்டும் ஏன் வரல?"

 பஸ் மேம்பாலம் ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு குரல், மெதுவாக: "உள்ள வந்துட்டா எப்பிடி பயம் வரும்?"

நான் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  பயப்படாதவளுக்குள்தான் அது இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டால், அவள் பிறகு எப்படித் தப்பிப்பாள்? இல்லை என்று சொன்னால் அது சொல்ல வைக்கிறது என்பார்கள். சிரித்தால் அது சிரிக்கிறது என்பார்கள். என் பைபிளில் நானும் இப்படிப்பட்ட கூட்டங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன், ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நான் தினமும் மாத்திரை கொடுப்பேன் என்று நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் காலியாக இருக்கும், நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். "ஒக்காருங்க அக்கா" என்று அவள் கூப்பிட்டால், "பரவால்லமா, இதோ எறங்கிடுவேன்" என்பார்கள். லைனில் பக்கத்தில் இருந்தவள் வேலையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்து நகர்த்திவிடுவாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி குழம்பை ஒருத்தி எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து நடுவில் வைப்பாள். யாரும் தொடமாட்டார்கள். கருவாட்டுக் குழம்பு ஆடை கட்டிப்போய் அப்படியே இருக்கும். கொஞ்ச நாளில் வட்டத்தில் அவளுக்கு இடம் இல்லாமல் போனது. யாரும் போ என்று சொல்லவில்லை, வட்டம் மட்டும் கொஞ்சம் நெருங்கிக்கொண்டது.

ஒரு நாள் மாப்பிள்ளையின் அக்கா என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், நீங்க படிச்சவங்க. அவளுக்கு ஒண்ணும் இல்லதான?"

"உனக்கு இன்னாம்மா தோணுது?"

"எனக்குத் தெரியும் சிஸ்டர், ஒண்ணும் இல்ல. தங்கமான பொண்ணு. ஆனா எல்லாரும் சொல்றாங்களே. எங்க ஊரு வரைக்கும் வந்துடுச்சி. எங்க அம்மா, வேற எடம் பாக்கலாமான்னு கேக்குது. நாளைக்கு ஒண்ணுன்னா, தெரிஞ்சே கட்டி வச்சேன்னு என்னத்தான சொல்லுவாங்க?"

"எல்லாரும்னா யாரு?"

அவள் எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். நான் விடவில்லை. அந்த வாரம் முழுக்க, மாத்திரைக்கு வந்தவர்கள், பிரஷர் பார்க்க வந்தவர்கள், ஒவ்வொருத்தியிடமும் தனியாகக் கேட்டேன். நீ நம்புகிறாயா? "எனக்கு அதிலெல்லாம் நம்பிக்க கம்மி சிஸ்டர். ஆனா அவங்கள்ளாம் சொல்றாங்க." இதையே சொன்னார்கள், கொஞ்சம் முன்பின்னாக, எல்லோருமே. முதலில் சத்தம் கேட்டதாக ஓடி வந்தாளே, அந்தச் சின்னப் பெண்கூட, "அன்னைக்கு ஏதோ பிரமையா இருக்கும் சிஸ்டர், ஆனா மத்தவங்களுக்கும் கேட்டுதாமே" என்றாள். அந்தப் பேயை நம்பியவர் ஒருவர்கூட எனக்குக் கிடைக்கவில்லை. 

நான் அவசரக்காரி. இதை வைத்தே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். டீ நேரத்தில் அவர்கள் நடுவில் போய் நின்று, நீங்கள் ஒருத்தர்கூட நம்பவில்லையே, என்னிடம் தனித்தனியாகச் சொன்னீர்களே, பிறகு எதற்கு அந்தப் பெண்ணை இந்தப் பாடு படுத்துகிறீர்கள் என்று கேட்டேன்.  டம்ளரைப் பிடித்தபடி ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள். அதில் விரோதம் இல்லை. ஏதோ புதிதாக என்னிடம் கண்டுபிடித்ததைப் போல ஒரு பார்வை. "சிஸ்டருக்கும் பயமே இல்ல, பாத்தியா" என்று யாரோ சொன்னார்கள்.

நான் அறைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.  கொஞ்ச நாள் என் அறைக்கு யாரும் வரவில்லை. காலையில் பஸ் ஏறும்போது "குட்மார்னிங் சிஸ்டர்" என்று கத்துகிறவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள். பிணத்தோடு லிஃப்டில் போன எனக்கு அது தாங்கவில்லை. 

கல்யாணம் பேசியிருந்த அந்தப் பெண் ஒரு நாள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். மெலிந்துபோயிருந்தாள்.

"வேற பொண்ணு பாக்கறாங்களாம் சிஸ்டர். அவரு போன எடுக்க மாட்டறாரு."

"உன் வேலைய நீ பாரு. நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"நீங்க முன் சீட்ல ஒக்காந்து போறீங்க" என்றாள். கோபமில்லை, சும்மா சொன்னாள். "பின்னாடி எப்பிடி இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது."

 சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுவாரம், சாப்பாடு முடிந்து மணி அடிக்கும் நேரம். அவள் வழக்கம்போல ஒரு பாஸை மாட்டிக்கொண்டு ஜன்னலைக் கடந்து போனாள். என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அலறல் கேட்டது. அப்படி ஓர் அலறலை நான் பிரசவ வார்டில்கூடக் கேட்டதில்லை. நான் ஓடினேன், எனக்கு முன்னால் பாதிக் கம்பெனி ஓடியது. கடைசி அறை வாசலில் விழுந்து கிடந்தாள். தலைமுடி அவிழ்ந்து ஈரத் தரையில் புரண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உறுமினாள். பெண்கள் சுற்றி நின்றுவிட்டார்கள், யாரும் கிட்டே போகவில்லை. நான் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவளின் நாடி அது. அவ்வளவு நிதானம். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முடிக்கு நடுவில் ஒரு கண் திறந்து என்னைப் பார்த்தது. அவள் விரல்கள் என் விரலை இறுக்கிப் பிடித்தன.

"சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"யாரு நீ? சொல்லு, யாரு நீ?" என்று பின்னால் ஒரு மூத்த பெண் அதட்டினாள். கீழே கிடந்தவள் இறந்துபோன பேக்கிங் அம்மாவின் பெயரைச் சொன்னாள். அதே இழுவை, அதே குரல். கூட்டம் ஓவென்றது. "இன்னா வேணும் உனக்கு?" என்று கேட்டார்கள்.

"தாகமா இருக்குது" என்றாள். "யாரும் தண்ணி குடுக்கல."

சுற்றி நின்றவர்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். எத்தனை பாட்டில்கள் நீண்டன என்று தெரியாது. மாப்பிள்ளையின் அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அவள் தலையை மடியில் எடுத்து வைத்து, "குடிமா, குடி" என்று ஊற்றினாள். அவள் மூச்சுவிடாமல் குடித்தாள், கழுத்தெல்லாம் வழிந்தது. பிறகு "போறேன்" என்று சொல்லிவிட்டுத் துவண்டாள். நான் அவள் கையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். மயக்கம் தெளியட்டும், எல்லோரும் நகருங்கள் என்று நர்ஸ் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரப் போட்டி. ஒருத்தி பூ வைத்துவிட்டாள், ஒருத்தி தலை வாரிவிட்டாள். மறுநாள் சாப்பாட்டு வட்டத்தின் நடுவில் அவளை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினார்கள். பேய் வந்து போனால் தோஷம் இல்லை, கோயிலுக்கு வேண்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று மாப்பிள்ளை வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். உள்ளேயே இருந்தால்தானே கஷ்டம்! அவன் போனை எடுத்தான். கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். எனக்கும் பத்திரிகை வந்தது, நானும் போனேன், பிரியாணி நன்றாக இருந்தது. மேடையில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தபோது, கெட்டிக்காரி, பிழைத்துக்கொண்டாள் என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அவளை விட்டுப் போனது எங்கே போயிருக்கும்? திரும்ப அங்கேதான் போயிருக்கும் என்றார்கள். கம்பெனியில் அந்த எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி, ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். பயன் ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் வெறும் பேச்சு, இப்போது சாட்சி இருந்தது. வேலைக்குப் புதிதாகச் சேருகிற பெண்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "சந்தேகம்னா இந்த அக்காவையே கேளு" என்று அவளைக் காட்டுவார்கள். அவளும் சொல்வாள். வேறு என்ன செய்ய முடியும்? வராந்தாவில் நின்று அவள் சொல்வதை ஜன்னல் வழியாகப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும். முதலில் வளையல் மட்டும்தான். பிறகு கை வந்தது. பிறகு அந்தக் கை அவள் தோளைத் தொட்டது, ஐஸ் மாதிரி இருந்தது. எல்லாம் தெரிந்த எனக்கே ரோமம் சிலிர்த்தது.

கல்யாணமாகிச் சில மாதங்கள் கழித்து அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு என் அறைக்குக் கூட்டி வந்தார்கள். காய்ச்சல் கொதித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். அடிவயிற்றில் கை வைத்தால் கத்தினாள். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"தண்ணி குடிக்கிறியா, இல்லையா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"கடைசியா எப்ப பாத்ரூம் போன?"

"காலைல. வீட்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவளுங்களுக்குத்தான் புத்தி இல்ல. உனக்கு இன்னாடி? உனக்குத் தெரியாதா அங்க ஒண்ணும் இல்லன்னு? நீயும் நானும்தான பாத்தோம்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நடிப்பு எதுவும் இல்லை.

"கேக்குது சிஸ்டர்."

"இன்னா கேக்குது? ஃபேனதான் கழட்டிட்டாங்களே."

"அதக் கழட்டினப்புறந்தான் சிஸ்டர் நல்லா கேக்குது."

மணிக்கட்டைப் பிடித்தேன். தடதடவென்று ஓடியது. இந்த முறை அவள் கை என் கையைப் பிடிக்கவில்லை, சும்மா கிடந்தது.

நான் அவளை எழுப்பினேன். வா, நான் கூட வர்றேன், போய்ட்டு வந்துடலாம் என்றேன். வயிறு வெடித்துவிடும்போல இருந்ததால்தான் வந்தாள். மற்ற அறைகளில் ஆள் இருந்தது. கடைசி அறைதான் காலி. வாசலில் நின்று அழுதாள். உள்ளே அனுப்பிக் கதவை வெறுமனே சாத்திவிட்டு நான் வெளியே நின்றேன். நான் இருக்கிறேனா என்று உள்ளேயிருந்து கேட்டாள். இருக்கேம்மா என்றேன்.

"ஏதாவது பேசிக்கினே இருங்க சிஸ்டர். நிறுத்தாதீங்க."

பேசினேன். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராததைப் பற்றி, என் பையனின் பரீட்சையைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பிரசங்கத்தை நீட்டியதைப் பற்றி, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். மற்ற அறைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, என்னைப் பார்த்துவிட்டு, கை கழுவாமல்கூடப் போய்விட்டார்கள். உள்ளே குழாய் ஓடி நின்றது. அவள் வெளியே வரவில்லை. கூப்பிட்டால் பதிலும் இல்லை. கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தது, கை போகவில்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் எனக்கும் கேட்டுவிடும் என்று பயமாக இருந்தது.